முதுகுப்பை டிரோன்: இறக்கை எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

கண்காணிப்புக்கு டிரோன் வாங்கப் போகும் குழுக்கள் இப்போது பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. நான்கு சுழலிகளால் பறக்கும் வழக்கமான குவாட்காப்டர் போதுமா, இல்லை செங்குத்தாக எழுந்து பிறகு விமானம் போலப் பறக்கும் இறக்கை டிரோனுக்குப் போகலாமா? இந்த இரண்டாவது வகையைத்தான் விடிஓஎல் என்கிறார்கள். முழுக்க பேட்டரியில் ஓடுவது. இரண்டு பேர் முதுகில் சுமந்து போய், சில நிமிடங்களில் கோர்த்து, ஓடுபாதை எதுவும் இல்லாமல் கிளப்பி, இரண்டு மணி நேரம் வரை வானில் வைத்திருக்கலாம் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் உங்கள் வேலைக்கு உதவுமா என்பது நீங்கள் எதை, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வனக்கோட்டம், மாவட்டப் பேரிடர் பிரிவு, கடலோரக் காவல் என்று பொதுப்பணத்தில் வாங்குகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பொருந்தாத கருவியை வாங்கினால் அது அலமாரியில் கிடக்கும். வெள்ளம் வரும் நாளில் கூரை மேல் ஏறி நிற்பவர்கள்தான் அதற்கு விலை கொடுப்பார்கள்.

கையில் இருக்கும் தேர்வுகள் மூன்று. முதலாவது, பல சுழலிகள் கொண்ட குவாட்காப்டர். எங்கிருந்தும் எழும், எங்கும் இறங்கும், ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும். இரண்டாவது, கையால் வீசிப் பறக்கவிடும் இறக்கை விமானம். அமெரிக்க ராணுவம் பல ஆண்டுகள் பயன்படுத்திய ரேவன் இந்த ரகம்தான். இரண்டு கிலோவுக்கும் குறைவான எடை, ஒரு மணி நேரத்துக்கு மேல் பறக்கும். ரேவனைச் செய்த நிறுவனத்தின் பூமா இன்னும் பெரியது, இன்னும் நேரம் தாங்கும். மூன்றாவது, இரண்டையும் சேர்த்துக் கட்டிய விடிஓஎல். இந்தியாவில் ஐடியாஃபோர்ஜ் செய்யும் ஸ்விட்ச், ஜெர்மனியின் குவாண்டம் சிஸ்டம்ஸ் செய்யும் வெக்டர் இரண்டும் நன்கு அறியப்பட்டவை. இரண்டுமே ஏழு கிலோ அளவில், இரண்டரை மீட்டருக்கு மேல் இறக்கை விரிவுடன், இரண்டு மணி நேரம் பறப்பதாக அறிவிக்கப்பட்டவை.

எதற்காக இத்தனை மெனக்கெட்டு இறக்கையும் சுழலியும் ஒன்றாக வைக்கிறார்கள் என்பதற்கு விடை மின்சாரக் கணக்கில் இருக்கிறது. ஏழு கிலோ பொருளைச் சுழலிகளால் மட்டும் அந்தரத்தில் தாங்கிப் பிடிக்க ஏறத்தாழ ஒரு கிலோவாட் தேவைப்படும். அதே ஏழு கிலோவை இறக்கை தாங்கி, வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் முன்னே தள்ளிக்கொண்டு போக 200 வாட் அளவே போதும். ஐந்தில் ஒரு பங்கு. குவாட்காப்டர் தன் ஆயுள் முழுவதும் அந்த ஒரு கிலோவாட்டைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. விடிஓஎல் அதை எழும்போதும் இறங்கும்போதும் மட்டும், மொத்தம் இரண்டு மூன்று நிமிடம் செலவழிக்கிறது. மீதி நேரமெல்லாம் இறக்கையின் தயவில் போகிறது.

இதிலிருந்து நேராக ஒரு நடைமுறை விஷயம் கிடைக்கிறது. இறங்கும்போது இடம் சரியில்லை என்று ஒரு நிமிடம் கூடுதலாக அந்தரத்தில் நின்றால், ஐந்து நிமிடப் பறப்புக்கான மின்சாரம் போய்விடும். மிச்சம் பத்து சதவீதம் பேட்டரியோடு திரும்பும் விடிஓஎல்லுக்கு அது பெரிய செலவு. அதனால் இதை ஓட்டுபவர் பேட்டரி காட்டும் சதவீதத்தைக் குவாட்காப்டர் ஓட்டுபவரைப் போலப் படிக்கக் கூடாது. பயிற்சியில் முதலில் கற்பிக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, இரண்டு மணி நேரம் என்ற எண்ணை விட்டுவிட்டு, இலக்கின் மேல் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பார்ப்போம். வாங்கும் முடிவுக்கு அதுதான் சரியான அளவு. நல்ல தொழில்முறைக் குவாட்காப்டர் ஒன்று 55 நிமிடம் என்று அறிவிக்கப்பட்டிருக்கும். அதில் கேமராவை மாட்டி, வெயிலையும் காற்றையும் சேர்த்தால் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. விடிஓஎல்லின் 120 நிமிடத்தையும் அதே கண்ணோடு 90 ஆகக் குறைத்துவிடுவோம். இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கு பேட்டரி கைவைக்காத சேமிப்பு.

பார்க்க வேண்டிய இடம் 12 கி.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்ளுங்கள். காட்டுத்தீயின் விளிம்பு, கரையிலிருந்து விலகிய படகு, உடைப்பெடுத்த ஏரிக்கரை, எதுவாகவும் இருக்கட்டும். வினாடிக்கு 15 மீட்டரில் போகும் குவாட்காப்டருக்குப் போக 13 நிமிடம், வர 13 நிமிடம். சேமிப்பு 8 நிமிடம் போனால் அங்கே நிற்க 5 நிமிடம் கிடைக்கும். வினாடிக்கு 8 மீட்டர் எதிர்காற்று வீசினால் பயணமே 37 நிமிடம் ஆகிவிடும். சேமிப்பைத் தின்னாமல் போய்வரவே முடியாது. விடிஓஎல்லுக்குப் போகவர 22 நிமிடம், எழ, இறங்க, உயரம் பிடிக்க 5 நிமிடம், சேமிப்பு 18 நிமிடம். இலக்கின் மேல் 45 நிமிடம் மிச்சம். அதே எதிர்காற்றிலும் 39 நிமிடம் நிற்கும். இந்தத் தூரத்தில் இரண்டுக்கும் போட்டியே கிடையாது.

அதே கணக்கை 2 கி.மீ. தூரத்துக்குப் போடுங்கள். குவாட்காப்டர் இலக்கின் மேல் 27 நிமிடம் நிற்கும், விடிஓஎல் 63 நிமிடம். எண்ணில் இன்னும் விடிஓஎல்தான் முன்னால். ஆனால் இரண்டு கி.மீ.க்குள் நடக்கும் வேலை என்றால் திருவிழாக் கூட்டம், வெள்ளம் சூழ்ந்த ஒரு தெரு, இடிந்த கட்டடம், ஊருக்குள் வந்துவிட்ட யானை என்றுதான் இருக்கும். அங்கே தேவைப்படுவது ஒரே கோணத்தில் அசையாமல் பார்ப்பது, மாடி உயரத்துக்கு இறங்கி ஜன்னலுக்குள் பார்ப்பது, மரக்கிளைகளுக்கு இடையே எட்டிப் பார்ப்பது. இறக்கை விமானம் நிற்க முடியாது; பருந்தைப் போல வட்டமிட்டுக்கொண்டேதான் பார்க்க வேண்டும். வட்டத்தின் ஒரு பாதியில் கட்டடமோ மரமோ மறைத்தால் இலக்கு கண்ணிலிருந்து போய்விடும். விடிஓஎல்லையும் அந்தரத்தில் நிறுத்தலாமே என்று கேட்பார்கள். நிறுத்தலாம்தான், மேலே சொன்ன ஒரு கிலோவாட் கணக்கில். அந்த வேலைக்கு இரண்டு குவாட்காப்டர்களை மாற்றி மாற்றி அனுப்பினால் இடைவெளியே இல்லாமல் நாள் முழுக்கப் பார்க்கலாம். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கையில் இருக்கும்.

2013 உத்தராகண்ட் வெள்ளத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படை பயன்படுத்திய நேத்ரா ஒரு சிறு குவாட்காப்டர். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் ஐடியாஃபோர்ஜும் சேர்ந்து உருவாக்கியது. அரை மணி நேரம்தான் பறக்கும். ஆனாலும் அந்த மலை இடுக்குகளுக்கு அதுதான் பொருத்தம். டிரோனுக்கும் தரைநிலையத்துக்கும் இடையிலான ரேடியோ அலை நேர்க்கோட்டில் செல்வது. இடையில் ஒரு மலைமுகடு வந்தால் விற்பவர்கள் சொல்லும் 15 கி.மீ. தொடர்பு எல்லைக்கு அர்த்தமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு டிரோன் வாங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே விற்பவரைத் தங்கள் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டும். சமவெளியில் காட்டும் 15 கி.மீ. அங்கே மூன்றாகச் சுருங்கலாம்.

கையால் வீசும் விமானத்தை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. அது நியாயமில்லை. அதில் தேவையற்ற சுழலி எதுவும் கிடையாது, ஆகவே ஒரே எடையில் மூன்றிலும் அதிக நேரம் பறப்பது அதுதான். உடையக்கூடிய பாகங்களும் குறைவு. சிக்கல் இறங்குவதில் இருக்கிறது. வயிற்றால் தேய்த்து இறங்கத் திறந்த நிலம் வேண்டும். இல்லாவிட்டால் ரேவனைப் போல, மூக்கைத் தூக்கி வேகத்தை இழந்து தரையில் விழுந்து, அடியைத் தாங்குவதற்காகவே துண்டு துண்டாகக் கழன்றுகொள்ள வேண்டும். மணல்வெளியிலும் புல்வெளியிலும் இது சரி. பாறை, தென்னந்தோப்பு, படகுத் தளம் என்றால் கேமரா தாங்காது. பரந்த வயல்வெளியும் உப்பளமும் மட்டுமே உங்கள் எல்லை என்றால் இதைத் தாராளமாகப் பரிசீலியுங்கள். ஆனாலும் பூமா செய்கிறவர்களே செங்குத்தாக எழுவதற்கான சுழலிகளைத் தனி இணைப்பாக விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். களத்தில் தட்டையான நிலம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது அதிலிருந்து தெரியும்.

விடிஓஎல்லின் அருமை நன்றாகப் புரிவது லடாக்கில். இந்திய ராணுவம் 2021 ஜனவரியில் சுமார் 2 கோடி டாலருக்கு ஸ்விட்ச் டிரோன்களை உயரமான மலைப்பகுதிகளுக்காக வாங்கியது. 4000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கையால் வீசும் விமானம் விழாமல் பறக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச வேகம் அங்கே 22 சதவீதம் கூடிவிடும். மூச்சு வாங்கும் உயரத்தில், கனத்த உடுப்போடு, பனியில் ஓடி ஆறேழு கிலோவை அந்த வேகத்தில் யார் வீசுவது? அப்புறம் இறங்கும்போதும் அதே கூடுதல் வேகத்தில் பாறை மேல் வந்து மோதும். சுழலியால் எழுவதற்கும் அங்கே 22 சதவீதம் மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும். குவாட்காப்டருக்கு அது பறக்கும் நேரம் முழுவதற்குமான தண்டம். விடிஓஎல்லுக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மட்டும். குளிர் பேட்டரியின் திறனைக் குறைப்பதையும் சேர்த்தால், அந்த உயரத்துக்கு வேறு தேர்வு இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

உக்ரைனில் வெக்டர் வேறொரு பாடம் சொன்னது. ஜெர்மனி அரசின் நிதியில் 2022 முதல் அங்கே போனவை அவை. ஜிபிஎஸ் சமிக்ஞையையும் ரேடியோ தொடர்பையும் எதிரி தொடர்ந்து முடக்கும் களம் அது. செயற்கைக்கோளை நம்பாமல், கேமரா பார்க்கும் நிலத்தை வைத்தே இடத்தைக் கணிக்கும் மென்பொருள் அங்கிருந்துதான் அவசியமாயிற்று. வெக்டரில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. இறக்கைகளைக் கழற்றிவிட்டு, அதே உடலில் சுழலிக் கைகளை மாட்டினால் ஸ்கார்ப்பியன் என்ற மூன்று சுழலி டிரோனாக மாறும். முக்கால் மணி நேரம் ஒரே இடத்தைப் பார்க்கலாம். தூரத்துக்கு இறக்கை, பக்கத்துக்குச் சுழலி என்பதை ஒரே பெட்டிக்குள் அடக்கிவிட்டார்கள்.

இனி பலவீனங்கள். விற்பனைப் படங்களில் இவை வராது.

முதலில் காற்று. இரண்டரை மீட்டர் இறக்கை பறக்கும்போது வரம், இறங்கும்போது பாய்மரம். சுழலிகளால் மெதுவாக இறங்கும் கடைசி இருபது முப்பது மீட்டரில் பக்கக்காற்று அடித்தால் இறக்கை அதை முழுசாக வாங்கிக்கொள்ளும். பறப்பதற்கான காற்று வரம்பும் இறங்குவதற்கான காற்று வரம்பும் வெவ்வேறு. விளம்பரத்தில் பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும். ஆடிக்காற்றில் கடலோரத்திலும் கணவாய்களிலும் இரண்டாவதுதான் முடிவு செய்யும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, கட்டுப்பாடு இழந்தால் என்ன ஆகும் என்பது. கோளாறு வந்த குவாட்காப்டர் பெரும்பாலும் அங்கேயே, நேர் கீழேயே விழும். இறக்கை விமானத்தில் ஒரு மணி நேர பேட்டரி மிச்சமிருந்து, திரும்பும் கட்டளை வேலை செய்யாமல் போனால் அது 60 கி.மீ.க்கு மேல் போகும் சக்தியோடு இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 23 அன்று ஜம்முவின் பிம்பர் கலி பகுதியில் பயிற்சியில் இருந்த ராணுவத்தின் சிறு ஆளில்லா விமானம் தொழில்நுட்பக் கோளாறால் கட்டுப்பாட்டை இழந்து எல்லைக் கோட்டைத் தாண்டி பாகிஸ்தான் பக்கம் போய்விட்டதாக ராணுவமே அறிவித்தது. எல்லைக்கோ கடல் எல்லைக்கோ பக்கத்தில் பறக்கவிடப் போகிறவர்கள், தொடர்பு அறுந்தால் டிரோன் தானாக என்ன செய்யும், எத்தனை நிமிடத்தில் செய்யும், வரைபடத்தில் குறித்துவைத்த எந்த எல்லைக்குள் நிற்கும் என்பதைக் கண்முன்னே செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

விடிஓஎல்லிலேயே மூன்று கட்டமைப்புகள் உண்டு. எழுவதற்குத் தனிச் சுழலிகள், முன்னே போகத் தனி மோட்டார் என்பது ஒன்று. எளிமையானது, ஆனால் பறக்கும்போது சும்மா இருக்கும் சுழலிகள் எடையாகவும் காற்றுத்தடையாகவும் கூடவே வரும். வெக்டரைப் போலச் சுழலியையே சாய்ப்பது இரண்டாவது. சுமை குறையும், சாய்க்கும் பொறிமுறை ஒன்று கூடும். சுவிட்சர்லாந்தின் விங்ட்ராவன் போல வாலில் நின்று எழுந்து அப்படியே படுத்துப் பறப்பது மூன்றாவது. நில அளவைக்கு அருமையானது, கண்காணிப்புக்கு அவ்வளவு இல்லை. பட்டறை வசதி இல்லாத தாலுகா அளவிலான அணிக்கு நான் முதல் கட்டமைப்பைத்தான் சொல்வேன். அதில் எது பழுதானது என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கேமராவைப் பற்றி ஒரு கணக்கு. இரவில் பார்க்கும் வெப்பக் கேமராக்கள் பெரும்பாலும் குறுக்கே 640 புள்ளிகள் கொண்டவை. பத்து பாகை அகலக் கோணத்தில், ஒரு கி.மீ. தூரத்தில் அது காட்டும் அகலம் ஏறத்தாழ 175 மீட்டர். அப்படியானால் ஒரு புள்ளி 27 செ.மீ. ஒரு ஆளின் தோள் அகலம் திரையில் இரண்டு புள்ளிதான். அங்கே மனிதர் இருக்கிறார் என்று தெரியும். யார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாது. ஆளைத் தேடும் மீட்புப் பணிக்கு அது போதும். வேட்டைக்காரரா விறகு எடுப்பவரா என்று பிரித்தறியப் போதாது. டிஜிட்டல் ஜூம் அந்த இரண்டு புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். லென்ஸின் ஜூம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

விறகு எடுப்பவர்கள் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கார்பெட் புலிகள் காப்பகத்தில் கேமரா பொறிகளும் டிரோன்களும் காட்டுக்குள் போகும் உள்ளூர்ப் பெண்களைக் கண்காணிக்கவும் மிரட்டவும் பயன்பட்டதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024-இல் வெளியிட்டது. பெண்கள் சத்தமாகப் பாடுவதையும் பேசுவதையும்கூடக் குறைத்துக்கொண்டார்கள் என்றும், அதனால் விலங்குகள் எதிர்பாராமல் எதிரே வரும் ஆபத்து கூடியது என்றும் அதில் இருந்தது. குவாட்காப்டர் தலைக்கு மேல் வந்தால் இரைச்சலாவது கேட்கும். மின்சார இறக்கை டிரோன் சில நூறு மீட்டர் உயரத்தில் போனால் கீழே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. வாங்கும் கோப்பிலேயே பதிவுகளை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். வாங்கிய பிறகு யாரும் எழுதப் போவதில்லை.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2021 டிரோன் விதிகளின்படி 2 முதல் 25 கிலோ வரை சிறிய ரகம். நாம் பேசும் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் வரும். பதிவு எண்ணும் ஓட்டுநர் சான்றிதழும் வேண்டும். அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை என்று குறித்த மண்டலத்தில் 400 அடி வரைதான் முன்அனுமதி இல்லாமல் பறக்கலாம். கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் பறக்கத் தனி அனுமதி தேவை. அது உங்களுக்குக் கிடைக்காது என்றால் 15 கி.மீ. எல்லை கொண்ட டிரோனுக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. தனியார் தோட்டங்களும் சிறு நிறுவனங்களும் இதை முதலில் விசாரித்துவிட்டு மற்றதைப் பேசலாம். வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரி 9 முதல் தடை. பாதுகாப்பு, ஆராய்ச்சித் தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதிரிபாகங்கள் வரலாம். ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்பதும் இப்போது கேள்வியாகிவிட்டது. சீன பாகங்கள் இருந்ததற்காக 400 டிரோன்களுக்கான ராணுவ ஒப்பந்தங்கள் ரத்தானதாக 2025 பிப்ரவரியில் செய்தி வந்தது. மூன்று ஆண்டு கழித்து மோட்டாரும் பேட்டரியும் கிடைக்குமா என்பதற்கு எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

என் முடிவைக் கேட்டால், பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பகுதி மூன்று நான்கு கி.மீ.க்குள் இருந்தால் விடிஓஎல் வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு நல்ல குவாட்காப்டர்களும் தாராளமாக பேட்டரிகளும் பயிற்சியும் வாங்கலாம். எட்டு கி.மீ.க்கு மேல் அடிக்கடி போக வேண்டும், இறங்கத் திறந்த நிலம் கிடையாது, அனுமதியும் கையில் இருக்கிறது என்றால் தயங்காமல் விடிஓஎல். வேதாரண்யம் சதுப்பும் ஆனைமலைச் சரிவும் ஒரே அணியின் பொறுப்பு இல்லை. ஆகவே மாநிலம் முழுமைக்கும் ஒரே ரகத்தை மொத்தமாக வாங்கும் டெண்டரை நான் ஆதரிக்க மாட்டேன். சென்னைக் காவல்துறை 2023 ஜூனில் அடையாறில் தொடங்கிய டிரோன் பிரிவு இந்த விஷயத்தில் சரியாக யோசித்திருக்கிறது. 3.6 கோடி ரூபாயில் வாங்கிய ஒன்பதில் ஆறு விரைவுக் கண்காணிப்புக்கு, ஒன்று எடை தூக்க, இரண்டு மட்டுமே நீண்ட தூரம் போகும் இறக்கை ரகம்.

எதைத் தேர்ந்தாலும் செயல்விளக்கத்தை விற்பவரின் மைதானத்தில் ஏற்காதீர்கள். உங்கள் இடத்தில், மதியம் காற்று ஏறிய நேரத்தில், முழுக் கேமராவோடு, விற்பவரின் ஆள் கைவைக்காமல் உங்கள் அணியின் இரண்டு பேர் பையைத் திறப்பதிலிருந்து இறக்கி மடிப்பது வரை செய்யட்டும். இறங்கும் இடத்தில் திடீரென ஒரு வண்டியை நிறுத்தி, வேறு இடம் தேடி இறக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று குறித்துக்கொண்டு, அதன் பிறகு விலையைப் பேசுங்கள்.